உசுரோட இருந்த தம்பிக்கு ஒப்பாரி

நம்ம கண்மாய்க்குக் கரை போடாத காலமாம். ரோடு கிடையாது, பஸ்ஸு கிடையாது, ஆஸ்பத்திரின்னு ஒரு பேரே யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துல இதே உப்போடைப்பட்டியில வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம்.

நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவுக் கதையான்னு மூஞ்சியச் சுளிக்காதீக சம்பந்தி. எங்க ஊர்ல வளையல் அடுக்குறதுக்கு முந்தி இதச் சொல்லித்தான் ஆகணும். நாத்தனாதான் சொல்லணும். இந்த வீட்டு நாத்தனா நான். எங்கம்மாவுக்கு எங்க அத்தை சொன்னா. எங்க அத்தைக்கு யாரு சொன்னான்னு கேட்டா அது போய்க்கிட்டே இருக்கும். சோறு ஆறுனா ஆறட்டும். கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

வெள்ளத்தாயிக்குக் கல்யாணமாகி, சின்ன வயசுலயே புருசன் செத்துப் போனானாம். பிள்ளையும் இல்ல. தாலிய அறுத்துட்டு அப்பன் வீட்டுக்கே வந்துட்டா. வந்த கொஞ்ச நாள்ல ஆத்தா போயிட்டா, அப்பன் போயிட்டான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி. பேரு சீவலமுத்து. அவன இவதான் தூக்கி வளத்தா. இடுப்புல வச்சிக்கிட்டே களை வெட்டுவாளாம். அவனுக்குக் காய்ச்சல் வந்தா இவளுக்குச் சோறு எறங்காதாம். ஊர்ல சொல்லுவாகளாம், வெள்ளத்தாயி பெறாமப் பெத்த பிள்ளைன்னு.

பிள்ளை வளந்தான். நல்லா உழுவான், நல்லாச் சிரிப்பான். மாட்டத் தொட்டு அடிக்க மாட்டான். அவன் மாடு ரெண்டும், பச்சப்பிள்ள வாலப் பிடிச்சு இழுத்தாலும் அசையாம நிக்குமாம். அப்படி வளத்து வச்சிருந்தான்.

அவனுக்குப் பொண்ணு தேடி இவளே ஊர் ஊரா அலைஞ்சா. ஓடைக்கு அந்தப் பக்கம் மேலக்காட்டூர்ல பூங்கனின்னு ஒரு பிள்ளையப் பாத்தா. பாத்ததுமே பிடிச்சுப் போச்சு. இவளே பேசி முடிச்சா. தாலியில மூணாவது முடிச்சு நாத்தனா போடணும்ல, அதையும் இவதான் போட்டா. தாலி அறுத்தவ முடிச்சுப் போடலாமான்னு நாலு பேரு முணங்குனாகளாம். சீவலமுத்துதான் எந்திரிச்சுச் சொன்னானாம், "எங்கக்கா போடாட்டி எனக்கு இந்தத் தாலியே வேண்டாம்"னு. அக்காளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அந்தப் பிரியத்த நெனப்புல வச்சுக்கோங்க. பின்னால நடந்த அத்தனைக்கும் அதுவும் ஒரு காரணம்.

கல்யாணமாகி ஒரு அறுப்பு முடியல. சீவலமுத்து கைய நீட்ட ஆரம்பிச்சான்.

எதுக்குன்னு கேக்கீகளா? கஞ்சியில உப்பு கூடிப் போச்சுன்னு ஒரு நாளு. உப்பு கொறஞ்சு போச்சுன்னு ஒரு நாளு. மழை பெய்யலைன்னு அடிச்சான். மழை பெஞ்சா, பருத்தி நனைஞ்சு போச்சுன்னு அடிச்சான். கிணத்தடியில எவன்கிட்டயோ சிரிச்சியாமேன்னு அடிச்சான். அவனுக்கு வெளிய யார் மேல கோவம் வந்தாலும் சரி, வீட்டுக்குள்ள வந்துதான் அது எறங்கும். அடிச்சு முடிச்சிட்டு மாட்டுக்குப் போயி தண்ணி காட்டுவானாம். அப்பிடி ஒரு மனுசன்.

பூங்கனி வாயத் தொறக்க மாட்டா. கிணத்தடிக்கு வந்தா பொம்பளைக பாப்பாக. கழுத்துல ஒரு செவப்பு, தோளுல ஒரு கன்றல்.

"என்ன பூங்கனி, தோளுல என்னது?"

"மாடு முட்டிருச்சு மதினி."

அடுத்த வாரம் வேற எடத்துல.

"இது என்னது?"

"மாடு முட்டிருச்சு மதினி."

பொம்பளைக ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டுச் சிரிப்பாகளாம். "ஒங்க வீட்டு மாட்டுக்கு ஒன்னைய மட்டுந்தான் முட்டத் தெரியுமோ"ன்னு ஒருத்தி கேப்பா. எல்லாரும் சிரிப்பாக. தண்ணியத் தூக்கிட்டு அவுகவுக வீட்டுக்குப் போயிருவாக. அவ்வளவுதான். அந்த மாடு முட்டாதுன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சாக. எனக்கு அந்த அடிய விட இந்தச் சிரிப்புதான் சம்பந்தி ஆறல.

வெள்ளத்தாயிக்குத் தெரியாதான்னா, தெரியும். ஒரே கூரை. சத்தம் கேட்டா எந்திரிச்சு மாட்டுத் தொழுவத்துக்குப் போயிருவாளாம். சாணிய அள்ளிக்கிட்டு இருப்பாளாம். சத்தம் அடங்குனதும் வருவா. பூங்கனி முதுகுக்கு வேப்பெண்ணெய் போட்டு விடுவா. "அவன் கோவக்காரன்த்தா. மனசுல ஒண்ணுமில்ல. பிள்ளை ஒண்ணு பெறந்தா சரியாயிருவான்"னு சொல்லுவா. பூங்கனி தலைய மட்டும் ஆட்டுவா.

பிள்ளையும் உண்டாச்சு. அவன் சரியாகல.

அப்ப ஊர்ல ராக்காயின்னு ஒரு மருத்துவச்சி. எந்த வீட்டுல பிள்ளை உண்டானாலும் மூணு நாலு மாசத்துலயே வந்து வெளக்கெண்ணெய் தடவி வயித்தப் பாப்பா. பிள்ளை குறுக்க கிடந்தா மாசாமாசம் தடவித் தடவி நேராக்கி விடுவா. கூலி, ரெண்டு படி கம்பு. பூங்கனியப் பாக்க அவ வந்தப்ப சீவலமுத்து வாசல்ல நின்னுக்கிட்டான்.

"யாரு உன்னக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிட வேண்டாம்டா. நீ பெறக்கும்போதும் நாந்தான் வந்தேன். தள்ளு."

"எம்பொண்டாட்டிய எவளும் தொட வேண்டாம். போ."

ஏன் போகச் சொன்னான்? எண்ணெய் தடவணும்னா சேலைய வெலக்கணும். வெலக்குனா தெரிஞ்சிரும். ராக்காயி அந்த ஊருக்கும் போறவ, இந்த ஊருக்கும் போறவ. மேலக்காட்டூர்ல போயி ஒரு வார்த்தை சொன்னா, பூங்கனி ஆத்தா வண்டியக் கட்டிட்டு வந்துருவா. அதான். அவன் பயமெல்லாம் அதுதான். வயித்துல இருக்க பிள்ளை எப்படிக் கிடந்தா அவனுக்கென்ன?

ராக்காயி கிணத்தடியில வெள்ளத்தாயியப் பிடிச்சா. "ஏட்டி, ஒருக்கா காட்டச் சொல்லு. அவ நடக்குற நடையே சரியில்ல. தலை எந்தப் பக்கம் கிடக்குன்னு நான் பாக்கணும்."

"நான் தம்பிகிட்டப் பேசிப் பாக்கேன் சித்தி."

பேசல. அஞ்சாம் மாசமும் போச்சு, ஆறாம் மாசமும் போச்சு. அவ பேசல.

ஏழாம் மாசம் வளைகாப்பு வச்சாக. மேலக்காட்டூர்ல இருந்து வண்டி கட்டி வந்தாக. புளிச்சோறு, எள்ளுச்சோறு, சட்டி சட்டியா எறக்குனாக. பூங்கனி ஆத்தா ஒரு பெரிய கிண்ணம் நெறயச் சந்தனம் அரைச்சுக் கொண்டாந்திருந்தா. மகளுக்குன்னு அவளே கல்லுல அரைச்சதாம். முற்றத்துல மணை போட்டு பூங்கனிய உக்கார வச்சாக. சீவலமுத்து அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியக் கட்டிக்கிட்டு, மாமன் மச்சினனோட வெத்தலை போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

மொதச் சந்தனம் நாத்தனா பூசணும். வெள்ளத்தாயி வந்தா. கிண்ணத்துல கைய விட்டா. பூங்கனி கைய எடுத்து முந்தானைய வெலக்குனா.

அஞ்சு வெரலும் அப்பிடியே கிடக்கு. நீலமா. மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. அன்னைக்குக் காலையில முறுக்குனது. பூங்கனி நிமிந்து பாத்தா. "மதினி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னா.

வெள்ளத்தாயி என்ன செய்யணும் சொல்லுங்க? அந்தக் கைய அப்பிடியே தூக்கிக் காட்டியிருக்கணும். ஆத்தா பக்கத்துலதான் நிக்கா. அண்ணன் தம்பிக நிக்காக. வண்டி வாசல்ல நிக்குது. வெள்ளத்தாயி தம்பியத் திரும்பிப் பாத்தா. அவன் சிரிக்கான். இத்தனை பேரு முன்னால அவன் தலை குனிஞ்சிருமேன்னு நெனச்சா. இடுப்புல வச்சு வளத்த பிள்ளையாச்சேன்னு நெனச்சா. கை நெறயச் சந்தனத்த அள்ளுனா. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் அப்புனா.

அடுத்தவ வந்தா. சந்தனம் மேடு பள்ளமா இருக்கறதப் பாத்தா. வெரல் பட்டதும் பூங்கனி உதட்டக் கடிக்கறதப் பாத்தா. பாத்துட்டு, அவளும் மேல அப்புனா. அதுக்கடுத்தவ வந்தா. பாத்தா. அப்புனா. கிணத்தடியில சிரிச்சவ எல்லாரும் வந்தாக. பாத்தாக. அப்புனாக. கை பூராவும் மஞ்சச் செவரு மாதிரி ஆகிப் போச்சாம். அது மேல வளையல அடுக்குனாக. கலகலன்னு சத்தம். கொலவை போட்டாக.

பூங்கனி ஆத்தாவுக்கு நெஞ்சு குளுந்து போச்சு. பக்கத்துல இருந்தவகிட்ட என்ன சொன்னா தெரியுமா? "எம்மகளுக்கு எம்புட்டுச் சந்தனம் பாத்தியா! எம்புட்டுப் பிரியமான ஊரு"ன்னாளாம். பாவி.

சாப்பாடு முடிஞ்சது. மகளக் கூட்டிட்டுப் போகணும், மொதப் பிரசவம் ஆத்தா வீட்டுலதான. சீவலமுத்து எந்திரிச்சு வந்தான்.

"இப்ப வேண்டாம் அத்தை. அறுப்பு முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடுதேன்."

"அது எப்பிடி மாப்ள? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எங்கக்கா இருக்கா. ஒங்களை விட நல்லாப் பாத்துக்கிடுவா. நீங்களே கேளுங்க."

ஆத்தா திரும்பி வெள்ளத்தாயியப் பாத்தா. "என்ன தாயி? நீ சொல்லு. நீ சொன்னா நான் விட்டுட்டுப் போறேன்."

ஒரு வார்த்தைதான் சம்பந்தி. "கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு வார்த்தை. வெள்ளத்தாயி சொன்னா, "நான் பாத்துக்கிடுதேன் அத்தை."

வண்டி போயிருச்சு. ஓடையத் தாண்டி அந்தப் பக்கம் ஏறுற வரைக்கும் பூங்கனி வாசல்லயே நின்னாளாம்.

அந்த வருசம் ஐப்பசியில அடைமழை. பூங்கனிக்கு நெறமாசம். கரிசல் பூராம் சேறாக் கிடந்துச்சு. வண்டிச் சக்கரம் எறங்குனா ஏறாது. ஒரு நாள் உச்சிப் பொழுது, வானம் மூடிக் கிடக்கு. வெள்ளத்தாயி தொழுவத்துல இருக்கா. உள்ள சத்தம் கேக்குது. கஞ்சி ஆறிப் போச்சுன்னு கத்துதான். இவ சாணிய அள்ளிக்கிட்டு இருக்கா. என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் பூங்கனி ஒரு சத்தம் போட்டா. அது அடிக்குப் போடுற சத்தம் இல்ல. வெள்ளத்தாயி சாணிய அப்பிடியே போட்டுட்டு உள்ள ஓடுனா.

பூங்கனி கெடக்கா. காலடியில ரத்தம். எட்டி மிதிச்சிருக்கான். எங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இங்க பிள்ளத்தாய்ச்சி உக்காந்திருக்கா.

"ஏலே, ராக்காயியக் கூட்டிட்டு வா! ஓடுலே!"

அவன் கதவச் சாத்துனான். முதுகக் குடுத்து நின்னான். "யாரும் வர வேண்டாம். நீ பாரு. ஒனக்குத் தெரியாதா?"

"ஒரு பிள்ளை பெத்தவளாடா நான்? உசுரு போயிரும்டா! கதவத் தொற!"

"வீட்டு விசயம் வெளிய போகக் கூடாது. மீறிப் போன, ஒந்தம்பி செத்துட்டான்னு நெனச்சுக்க."

வெள்ளத்தாயி அவனப் பாத்தாளாம். பெறவு சொன்னா, "செத்துட்டான்லே."

சொல்லிட்டு, தொழுவத்து வழியாப் புகுந்து தெருவுக்கு வந்தா. கூந்தல அவுத்து விட்டா. சேத்துல முட்டி போட்டு உக்காந்தா. மார்ல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி எடுத்தா பாருங்க.

"கம்பு இடிச்சு வச்சேன், கஞ்சி காச்சி வச்சேன்,
கூடப் பெறந்தவனே, குடிக்காமப் போனியேடா!
இடுப்பு வலிக்க வலிக்க எடுத்து வளத்தேனே,
எந்தம்பி சீவலமுத்து, இன்னைக்குச் செத்தியேடா!"

அடிபட்டவ கத்துனா யாரும் வர மாட்டாக. அது வீட்டு விசயம். ஒப்பாரிச் சத்தம் கேட்டா எவ ஒருத்தியும் வீட்டுல இருக்கக் கூடாது. அடுப்புல ஒலை கொதிச்சாலும் எறக்கி வச்சிட்டு வரணும். எழவு வீட்டுல வான்னு கூப்பிடவும் மாட்டாக, வராதன்னு தடுக்கவும் கூடாது. எழவு வீட்டுக் கதவ அடைக்கக் கூடாது. எங்க ஊரு மொறை அது. வெள்ளத்தாயிக்கு அது தெரியும். அதான் அவ கூப்பாடு போடல, ஒப்பாரி வச்சா.

ஊரே திரண்டு வந்துச்சு. கூந்தல அவுத்துக்கிட்டு, மார்ல அடிச்சுக்கிட்டு வந்தாக. வந்து பாத்தா, செத்தவன் கதவத் தொறந்துக்கிட்டு நிக்கான்.

"எவடி செத்தான்னது? நான் இந்தா நிக்கேன்!"

பொம்பளைக தெகச்சுப் போனாக. வெள்ளத்தாயி நிறுத்தல. "செத்துட்டானே, எந்தம்பி செத்துட்டானே"ன்னு அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாடுதா. ராக்காயிதான் மொதல்ல வெளங்கிக்கிட்டா. "எழவு வீட்டு வாசல்ல நிக்காதலே. தள்ளு"ன்னு அவன நெட்டித் தள்ளிட்டு உள்ள போனா. அவ பின்னாலயே அத்தனை பேரும் போனாக. ஒத்தை ஆளு எத்தனை பேரத் தடுப்பான்? தெருவுல போயி நின்னான், மழையில.

உள்ள சுடுதண்ணி வச்சாக. ராக்காயி பூங்கனியக் கழுவுனா. சேலைய அவுத்துக் கழுவுனா. அப்பத்தான் சந்தனம் பூசுனவ எல்லாரும் பாத்தாக. முதுகப் பாத்தாக. வயித்தப் பாத்தாக. பழசு, புதுசு, ஆறுனது, ஆறாதது. ராக்காயி வயித்துல கைய வச்சுப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டா. "குறுக்க கிடக்கு. அன்னைக்கே என்னைய விட்டிருந்தா தடவியே திருப்பியிருப்பேனே. இப்ப நான் என்னத்தச் செய்ய?"

செய்ய முடிஞ்சத எல்லாம் செஞ்சா. பொழுது சாயுற நேரம் பிள்ளை பெறந்துச்சு. பொம்பளப்பிள்ள. உசுரோட பெறந்துச்சு. பூங்கனிக்குத்தான் ரத்தம் நிக்கல.

கண்ணு சொருகுறதுக்கு முந்தி பூங்கனி, வெள்ளத்தாயியோட கையப் பிடிச்சாளாம். "மதினி"ன்னா. சந்தனம் பூசுற அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டா. "எங்கம்மாகிட்ட மாடு முட்டிருச்சுன்னு சொல்லிராதீக."

அவ்வளவுதான். போயிட்டா.

மறுநாள் மேலக்காட்டூர்ல இருந்து சேத்துல நடந்தே வந்தாக. ஆத்தா வந்து மகளப் பாத்துட்டு நிக்கா. ஊர்ப் பெரியவுக ரெண்டு பேரு, பிரசவத்துல இப்பிடி ஆகுறதுதான்னு ஆரம்பிச்சாக. வெள்ளத்தாயி குறுக்க வந்தா. "பிரசவத்துல இல்ல. எந்தம்பி மிதிச்சுச் செத்தா. சந்தனத்த அப்பி மறைச்சது நான். நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னது நான்"ன்னா. சொல்லிட்டுக் கீழ விழுந்தா.

ஆத்தா அவளத் தூக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. மகளுக்குக் கடைசித் தண்ணி ஊத்த ஒக்காந்தா. அந்தக் கையக் கழுவுனா. புதுசா விழுந்திருந்த வெரல் தடத்தப் பாத்தா. ஊர்ப் பொம்பளைகளப் பேரு பேராக் கூப்பிட்டாளாம். "வா. வந்து ஊத்து. பாத்துக்கிட்டே ஊத்து." ஒவ்வொருத்தியா வந்து ஊத்துனாக. எல்லாரும் ஊத்தி முடிச்சதும் ஆத்தா சொன்னா, "இனிமே இந்த ஊர்ல எவ மகளுக்கும் சந்தனம் பூசாதீக. கழுவிப் பாருங்க."

வெள்ளத்தாயி பிள்ளைக்குக் கைய நீட்டுனா. ஆத்தா குடுக்கல. "ஒன்கிட்ட ஒருக்கா விட்டுட்டுப் போனேன்"னா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடையத் தாண்டிப் போயிட்டா.

சீவலமுத்து என்ன ஆனான்? செத்துட்டான். அக்கா ஒப்பாரி வச்சிட்டா, திரும்ப வாங்க முடியாது. அவன் உசுரோட தெருவுல திரியும்போதே கருமாதி வச்சா. ஊரும் வந்து உக்காந்து கருமாதிச் சோறு சாப்பிட்டுச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு எவளும் நெருப்புக் குடுக்கல, தண்ணி குடுக்கல. மாட்டப் பிடிச்சிக்கிட்டு ஊர விட்டுப் போனான். வயசான காலத்துல ஒருக்கா ஓடைக்கரையில வந்து நின்னு "அக்கா"ன்னு கூப்பிட்டானாம். வெள்ளத்தாயி வெளிய வந்து, "யாருய்யா நீ? எந்தம்பி செத்து ரொம்ப நாளாச்சே"ன்னாளாம். சொல்லிட்டு உள்ள போனவ, பாயில விழுந்து அழுதா அழுதா, ரெண்டு மூணு நாளா எந்திரிக்கவே இல்லையாம். வளத்தவல்ல.

அந்தப் பிள்ளை வளந்து ஆளாச்சு. எங்க கட்டிக் குடுக்கன்னு மேலக்காட்டூர்ல யோசிச்சாகளாம். கடைசியில ஆத்தாதான் சொன்னா, "உப்போடைப்பட்டியிலயே குடுங்க. கையக் கழுவிப் பாக்குற ஊரு அது ஒண்ணுதான்." வேற வகையறாவுல, எங்க வீட்டுல குடுத்தாக. அவ வளைகாப்புக்கு வெள்ளத்தாயியக் கூப்பிட்டாக. கண்ணு சரியாத் தெரியாத வயசு. தண்ணிய ஊத்தி, வெரலாலயே தடவித் தடவிப் பாத்தாளாம். ஒரு தடமும் இல்ல. அந்தக் கைய விடவே மாட்டேன்னுட்டாளாம்.

அதுதான் சம்பந்தி. நீங்க கொண்டாந்த சந்தனத்த சாமிக்கு வச்சிருங்க, பிள்ளை மேல பூச மாட்டோம். புருசன் சொம்பத் தூக்கித் தண்ணி ஊத்தணும், நாத்தனா தேய்க்கணும், பொண்ணோட ஆத்தா பக்கத்துல நின்னு பாக்கணும்.

இதனால அடி நின்னு போச்சான்னா, நான் பொய் சொல்ல மாட்டேன். கை தெரியுதுன்னு சேலைக்குள்ள அடிக்கக் கத்துக்கிட்டவனும் இந்த ஊர்ல இருந்தான். அதனால கையோட நிறுத்தறதில்ல. பெறவு உள்ள கூட்டிட்டுப் போயி முதுகுக்கும் ஊத்துவோம். எங்கயாவது ஒரு தடம் இருந்தா, நாத்தனாதான் தெருவுக்கு வந்து மொதக் குரல் எடுக்கணும். மத்தவ எடுத்தா அது வம்பு. கூடப் பெறந்தவ எடுத்தாத்தான் அவன் செத்தவன்.

எங்க அத்தை காலத்துல ஒருக்கா எடுத்திருக்காக. அந்த வீடு இப்ப குட்டிச்செவரா நிக்குது.

இந்தா நிக்கான்ல, எந்தம்பி. எங்கம்மா படுத்துக் கெடந்தப்ப இவன நாந்தான் தூக்கித் திரிஞ்சேன். எனக்கு இவன் மேல உசுரு. இவனுக்கும் தெரியும். எனக்கு ஒப்பாரி நல்லா வரும்னும் இவனுக்குத் தெரியும்.

ஏலே, சொம்ப எடு. முழங்கை வரைக்கும் ஊத்து.

நீ கைய நீட்டுத்தா.